பிரமிடு நிழலில் ஒரு குழி

ராஜா இல்லாமல் கதை சொன்னால் நம் ஆட்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே இதிலும் ஒரு ராஜா உண்டு. பெயர் நெபெர்கோர். எகிப்து தேசத்தை ஆண்டவர். ஆனால் அவரிடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். கதை நெடுக அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், நடுவிலேயே செத்தும் போவார். இது அவருக்குக் கல் இழுத்த நான்கு பேரின் கதை. அதிலும் அந்த நான்கு பேருக்குத் தலைவனான சென்பியின் கதை. தலைவன் என்றதும் மூளை கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். குரல்தான் கூடுதல்.

அந்த தேசத்தில் ஒருவர் ராஜாவானால் முதல் வேலையாகத் தனக்குக் கல்லறை கட்ட ஆரம்பித்துவிடுவார். நைல் நதியின் மேற்குக் கரையில், வயல் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், வானத்தை முட்டுகிற மாதிரி ஒரு பிரமிடு. அதன் கிழக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் படையல் வைக்க ஒரு கோயில். கோயில் வாசலிலிருந்து நதி வரைக்கும் கல் பாவிய நீளமான சாலை. ராணிகளுக்குச் சின்னச் சின்னப் பிரமிடுகள், மந்திரிகளுக்கு மேடை மேடையாகக் கல்லறைகள், ராஜாவின் வேட்டை நாய்க்குக்கூடத் தனியாக ஒரு குழி. உயிரோடு இருந்தவர்களெல்லாம் மண் குடிசையில் இருந்தார்கள்.

கல் இழுக்கிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. மன்னரின் சிங்கங்கள், மன்னரின் கழுகுகள் என்று ஆளாளுக்கு வைத்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் 'மன்னரின் எருதுகள்' என்று வைத்துக்கொண்டார்கள். எருது ஓட்டுகிறவர்கள் வந்து ஆட்சேபித்தார்களாம்.

சென்பியின் கூட்டத்தில் ஹேத்து என்று ஒருவன். ஆள் தடிமன், சொன்னதைச் செய்வான், நிறுத்தச் சொல்லும்வரை செய்வான். குயி என்று ஒருவன். அவனுக்கு முதலை படம் வரையத் தெரியும், அதனால் அவன்தான் படித்தவன். மூன்றாவது ஆள் இப்பு. அவனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் வரும், வந்தால் கேட்டுவிடுவான். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பிரமிடு உச்சிக்கல் ஏறிய அன்று மேஸ்திரி மெரேரு தன் கழுதையில் வந்து இறங்கினார்.

"அடேய் எருதுகளா, நல்லாக் கேட்டுக்கோங்க. மிச்ச வேலையை ஒழுங்கா முடிச்சுக் கொடுத்தா உங்க தலைவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் இங்கேயே, பிரமிடுக்குப் பக்கத்துலேயே புதைக்க இடம். மத்தவங்க கால்மாட்டுல படுத்துக்கலாம். மன்னர் உத்தரவு."

நான்கு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஆனந்தத்தில் அழுதார்கள். புதைக்க இடம் தருகிறேன் என்று நம்மிடம் யாராவது வந்து சொன்னால் நாம் செருப்பைத்தான் கழற்றுவோம். அங்கே அப்படியில்லை. செத்தவனுக்கும் பசிக்கும் என்பது அந்த ஊர்க் கணக்கு. தினமும் யாராவது படையல் வைக்க வேண்டும். ஏழைக்கு யார் வைப்பார்கள்? ராஜாவுக்கோ கோயிலே இருக்கிறது. தினமும் ரொட்டி, பீர், வறுத்த வாத்து. பெரிய கல்லறைக்காரர், தன் நிழலில் படுத்திருக்கிறவர்களுக்குத் தன் படையலிலிருந்து சோறு போட்டே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். இடம் கிடைத்துவிட்டால் காலாகாலத்துக்கும் சாப்பாட்டுக் கவலை இல்லை.

சென்பி வீட்டுக்கு ஓடிப் போய் மனைவி ஹெனுத்திடம் சொன்னான். ஹெனுத் கூலிக்கு ரொட்டி சுடுகிறவள். அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஒழுங்கா முடிச்சாத்தானே?"

"ஆமா."

"அப்போ கிடைக்காது."

"ஏன்டி அப்படிச் சொல்றே?"

"உன்னைக் கட்டிக்கிட்டவளாச்சே, எனக்குத் தெரியாதா? இங்க பாருய்யா. இங்கே உன்னோட அரைவயித்துக் கஞ்சி குடிச்சாச்சு. அதுவாவது ஒரு ஆயுசோட போகுது. அங்கே முடிவே கிடையாதாம். முடிவில்லாம பட்டினி கிடக்க என்னால ஆகாது. இடம் கிடைச்சா உன் பக்கத்துல படுக்கறேன். கிடைக்கலைன்னா எங்க அண்ணன் தனக்குக் கட்டியிருக்கிற கல்லறையில ஒரு மூலை காலியா இருக்கு. நான் அங்கே போயிடுவேன்."

"அப்போ நான்?"

"நீ உன் எருதுகளோட கிட."

சும்மா சொல்லக் கூடாது, சென்பிக்கு அவள்மேல் அத்தனை ஆசை. அவள் குறட்டை காதில் விழாவிட்டால் அவனுக்குத் தூக்கமே வராது. முடிவில்லாத காலத்துக்குத் தூக்கம் வராமல் கிடப்பதை நினைத்துப் பார்த்தான். எப்பாடுபட்டாவது அந்த இடத்தை வாங்கியே தீருவது, மேஸ்திரி சொல்வதில் ஒரு எழுத்துக்கூட மாறாமல் நடப்பது என்று அன்றைக்கே தீர்மானம் பண்ணிக்கொண்டான். வினையே அந்தத் தீர்மானத்தில்தான் இருந்தது.

முதலில் வந்தது படகு வேலை. பிரமிடுக்குத் தெற்கே நீளமாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். தேவதாரு மரத்தில் செய்த ராஜாவின் படகு குழி ஓரத்தில் கிடந்தது. மெரேரு சொன்னார்: "இதைக் குழியில இறக்கி வைங்க. மன்னர் இதுல ஏறித்தான் வானத்துக்குப் போகப் போறார்." சொல்லிவிட்டு அவர் ரொட்டியும் வெங்காயமும் சாப்பிடப் போனார்.

இப்புவுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, வானம் எந்தப் பக்கம்?"

சென்பி மேலே காட்டினான்.

"படகு மூக்கு எந்தப் பக்கம் பார்க்கணும்?"

நான்கு பேரும் மணலில் உட்கார்ந்து யோசித்தார்கள். குயிதான் பதில் கண்டுபிடித்தான். "நதியில போற படகுக்கு நதியைப் பார்த்து மூக்கு. வானத்துக்குப் போற படகுக்கு வானத்தைப் பார்த்து மூக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"படுக்க வச்சா மன்னர் நேரா மணலுக்குள்ள போயிடுவாரே!" என்று ஹேத்து பதறினான்.

மேஸ்திரி வெங்காயம் கடித்துக்கொண்டே திரும்பி வந்தபோது, படகு பின்பக்கத்தைக் குழியில் ஊன்றிக்கொண்டு பனைமரம் மாதிரி செங்குத்தாக நின்றது. நான்கு பக்கமும் நான்கு பேர் கயிறு பிடித்திருந்தார்கள். மன்னர் சறுக்கி விழாமல் இருக்க ஆசனத்தில் அவரைக் கட்டிப் போடவும் கயிறு தயாராக இருந்தது.

மெரேருவுக்கு வாயிலிருந்த வெங்காயம் புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே கத்தினார்: "அடப் பாவிகளா! கயித்தை விடுங்கடா!"

ஒரு எழுத்து மாறாமல் நடப்பது என்று தீர்மானித்தவர்கள் அல்லவா? நான்கு பேரும் ஒரே சமயத்தில் கயிற்றை விட்டார்கள்.

படகைத் தச்சர்கள் மறுபடி ஒட்டி முடிக்க ரொம்ப நாள் ஆயிற்று. மெரேரு இதை மேலே சொல்லவில்லை. சொன்னால் கயிற்றை விடச் சொன்னது யார் என்று கேட்பார்கள். சென்பியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தப்பு பண்ணே, இடம் போச்சு" என்றார்.

அடுத்தது கதவு வேலை. கோயிலுக்குள், பிரமிடைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரில், கல்லிலேயே கதவு மாதிரி செதுக்கிப் பதிப்பார்கள். அது திறக்காது. செத்துப் போன ராஜாவின் ஆவி அது வழியாக வந்து படையலைச் சாப்பிடும் என்று ஐதீகம். அந்தக் கல்லை நம் ஆட்கள் பழுதில்லாமல் தூக்கி நிறுத்தினார்கள். அதன் முன்னால் ஒரு ரொட்டியை வைத்துவிட்டு மேஸ்திரி சொன்னார்: "ஹேத்து, இங்கேயே உட்காரு. நாய் நரி தொடாம பார்த்துக்கோ. மன்னர் இந்தக் கதவு வழியா வந்து சாப்பிடுவார்."

மேஸ்திரி போனதும் சென்பி கதவைத் தள்ளிப் பார்த்தான். திறக்கவில்லை. மறுபடி தள்ளினான்.

"உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்குமோ?" என்றான் குயி.

"தாழ்ப்பாள் போட்டிருந்தா உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம். தட்டு" என்றான் சென்பி.

ஹேத்து தட்ட ஆரம்பித்தான். இருட்டும்வரை தட்டினான். மறுநாளும் தட்டினான். நிறுத்து என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ரொட்டி காய்ந்து கல்லாகிப் போயிற்று. பசியில் அவன் கண் செருகினாலும் அதைத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தப்பட்டைச் சத்தத்தோடு செய்தி வந்தது. மன்னர் நெபெர்கோர் அரண்மனையில் காலமாகிவிட்டார். ஊரே தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அழுதது. ஹேத்து எல்லாரையும்விட அதிகமாக அழுதான்.

"ஏன்டா இப்படி அழறே? உனக்கு அவரைத் தெரியுமா?" என்று கேட்டான் இப்பு.

"அரண்மனையிலயே செத்துட்டாராமே! அப்போ இத்தனை நாளா நான் யாருக்குடா கதவைத் தட்டினேன்?"

மன்னரின் உடலைப் பதப்படுத்தி, துணி சுற்றி, தங்கப் பெட்டியில் வைக்க வெகுநாள் பிடித்தது. கடைசியில் அடக்கம் செய்கிற நாளும் வந்தது. நல்ல கோடை. விடிந்தும் விடியாததுமாக மெரேரு கழுதைமேல் ஓடி வந்தார். அன்றைக்கு அவருக்கு ஆயிரம் வேலை.

"சென்பி! இன்னிக்கு மன்னர் வர்றார். அதுக்குள்ள உன் குழியை வெட்டிடு. பிரமிடு நிழலுக்குள்ள வெட்டு. நிழலுக்கு வெளியே போனா அது மந்திரிமாருக்கு அளந்து விட்ட இடம். உன் குழி ஒரு விரல்கடை வெயில்ல இருந்தாலும் இடம் கிடையாது. மன்னர் வந்து சேரும்போது நானே வந்து பார்ப்பேன். இன்னொண்ணு. ஊர்வலம் போறப்போ எவனும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா நாக்கு இருக்காது. புரிஞ்சுதா?"

"ஒரு விரல்கடை. வாய். புரிஞ்சுது எசமான்."

காலை வெயிலில் பிரமிடின் நிழல் மேற்கே நீண்டு கிடந்தது. ஆளுக்கு ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டு நிழலுக்கு நட்ட நடுவில் வெட்டினார்கள். மளமளவென்று வேலை நடந்தது. இடுப்பளவு ஆழம் போனபோது இப்பு முதுகைத் தடவினான்.

"அண்ணே, முதுகு சுடுது."

சென்பி நிமிர்ந்து பார்த்தான். குழியில் பாதி வெயிலில் இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதிப் பாதியும் வெயிலுக்கு வந்தது.

"யாரோ நகர்த்துறாங்க!" என்று கத்தினான் சென்பி.

"நிழலையா?"

"நிழலை எவனாவது நகர்த்த முடியுமாடா, மடையா? அதைப் பிடிக்கவே முடியாது. பிரமிடைத்தான் நகர்த்துறான்."

நான்கு பேருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வருஷக்கணக்கில் கல்லை இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அதை நகர்த்த எவனுக்கு உரிமை இருக்கிறது? எவன் என்று பார்த்துவர ஹேத்துவை அனுப்பினார்கள். அவன் சுற்றி ஓடி, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினான்.

"அந்தப் பக்கம் யாரும் இல்லை அண்ணே. நானும் இந்தப் பக்கமா தள்ளிப் பார்த்தேன். நகரலை."

"ஒத்தை ஆளு தள்ளினா நகருமா? அவங்க நிறைய பேரா இருக்கும்" என்றான் குயி.

வேறு வழியில்லை, நிழல் போன இடத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. ஆனால் வெட்டிய குழியை அப்படியே போட்டுவிட்டுப் போக சென்பிக்கு மனம் வரவில்லை.

"திறந்து போட்டா எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான். நல்ல குழி."

ஆகவே குழியின்மேல் கோரைப்பாயை விரித்து, பாய்மேல் மணலைத் தூவி, குழி இருப்பதே தெரியாமல் மறைத்தார்கள். பிறகு நிழலைத் துரத்திக்கொண்டு வடக்குப் பக்கம் போனார்கள். அங்கே இன்னொரு குழி. ஆள் உயரம் ஆழம் போனபோது அதுவும் வெயிலுக்குப் போயிற்று. அதையும் பாய் போட்டு மூடினார்கள். மூன்றாவதாக வெட்டலாம் என்று நிமிர்ந்தபோது உச்சி வெயில். நிழலைக் காணோம். எந்தப் பக்கம் ஓடிப் பார்த்தாலும் இல்லை. அவ்வளவு பெரிய பிரமிடுக்கு, ஒரு பூனை படுக்கிற அளவுக்குக்கூட நிழல் இல்லை.

சென்பி மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஹெனுத் தலையில் ரொட்டிக் கூடையோடு வந்தாள்.

"என்னய்யா, இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ரெண்டு தடவை கிடைச்சுது. ரெண்டும் போயிடுச்சு" என்று சென்பி விக்கினான். "மேஸ்திரி நிழல்ல வெட்டச் சொன்னார். நிழலை எவனோ முழுசா எடுத்துட்டுப் போயிட்டான், ஹெனுத். நீ உங்க அண்ணன்கிட்டயே போயிடு. எனக்குத் தூக்கம் வராது, பரவாயில்லை, நான் முழிச்சிட்டே கிடக்கறேன்."

ஹெனுத் அவனைப் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக் கையில் கொடுத்தாள்.

"ஏய்யா, நம்ம வீட்டு வாத்து காலையில சுவருக்கு ஒரு பக்கம் படுக்குது, சாயங்காலம் இன்னொரு பக்கம் படுக்குது. பார்த்ததே இல்லையா? சாயங்காலம் நிழல் கிழக்கே வரும். கோயில் வாசல் பக்கமா போய் வெட்டு."

"வாத்துக்கு யார் சொன்னா?" என்று கேட்டான் இப்பு.

"நான்தான் சொன்னேன். சாப்பிட்டுட்டுப் போய் வெட்டுங்கடா."

அவள் சொன்னபடியே நிழல் மெதுவாகக் கிழக்கே எட்டிப் பார்த்தது. கோயில் வாசலுக்கும் கல் சாலைக்கும் நடுவில் ஒரு முற்றம். அங்கே மட்டும் இன்னும் கல் பாவவில்லை, வெறும் மணல். நிழல் அதை மூடியதும் நான்கு பேரும் வெறி பிடித்த மாதிரி வெட்டினார்கள். இந்தத் தடவை குழியை விட்டு நிழல் விலகவே இல்லை. நீள அகலம் பார்த்து, ஓரம் சீவி, அருமையான குழியாக முடித்தார்கள். சென்பி இறங்கிப் படுத்துப் பார்த்தான். பக்கத்தில் ஹெனுத்துக்கு இடம் இருக்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்தான். இருந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதையும் எவனாவது அபகரிச்சுட்டா?" என்றான் இப்பு.

அந்த தேசத்தில் இதற்கு வழி உண்டு. அடுத்தவன் கல்லறையை எடுத்துக்கொள்கிறவனைத் தண்ணீரில் முதலை கடிக்கும், தரையில் பாம்பு கடிக்கும் என்று சாபம் எழுதி வைப்பார்கள். அதைவிடப் பெரிய பாவம் அங்கே இல்லை. குயிக்கு எழுதத் தெரியாது, முதலை தெரியும். உடைந்த பானை ஓடு ஒன்றில் வாயைப் பிளந்த முதலையை வரைந்து குழிக்குள் நிறுத்தி வைத்தான்.

"வெளியே வச்சா எல்லாருக்கும் தெரியுமேடா?" என்றான் சென்பி.

"வெளியே வச்சா திருடன் பார்த்துட்டு ஓடிடுவான் அண்ணே. உள்ளே வச்சாத்தான் மாட்டுவான்."

நியாயமாகப்பட்டது. வழக்கம்போலப் பாயை விரித்து மணலைத் தூவி முடித்தார்கள். அப்போது சாலையின் கீழ்க்கோடியில் தப்பட்டைச் சத்தம் கேட்டது.

மன்னர் வந்துகொண்டிருந்தார். நிஜ எருதுகள் இழுக்கிற சறுக்குவண்டியின்மேல் தங்கப் பெட்டி. அதற்கு முன்னால் சிறுத்தைத் தோல் போர்த்திய தலைமைப் பூசாரி. பின்னால் கூலிக்கு ஒப்பாரி வைக்கிற பெண்கள். அதற்கும் பின்னால், தூசியெல்லாம் அடங்குகிற தூரத்தில், பல்லக்கில் இளவரசர். சாலை நேராக முற்றத்துக்கு வந்தது. முற்றத்தைத் தாண்டினால் கோயில் வாசல். நடுவில் சென்பியின் பாய்.

பூசாரி கொஞ்சம் ஓரமாக நடந்தார், தப்பினார். எருதுகள் முற்றத்தில் கால் வைத்ததும் சென்பிக்குத் திக்கென்றது. ஐயோ, பாய் கிழியப் போகிறதே! கத்தலாம் என்று வாயைத் திறக்கப் போனவன், மேஸ்திரி சொன்னது ஞாபகம் வந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். வாயைத்தானே திறக்கக் கூடாது? கையை ஆட்டினான். குதித்தான். மண்ணில் விழுந்து புரண்டான். மற்ற மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள்.

"என்ன பக்தி!" என்று பூசாரி மனமுருகிக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார்.

எருதுகள் ஆளுக்கொரு ஓரமாகக் குழியைத் தாண்டின. மிருகங்களுக்குக் காலடியில் மணல் நெகிழ்ந்தால் தெரிந்துவிடும். வண்டியின் முன்பக்கம் பாய்மேல் ஏறியது. மடாரென்று உள்ளே போயிற்று. தங்கப் பெட்டி வழுக்கிக்கொண்டு இறங்கி, அளவெடுத்து வெட்டிய மாதிரி குழியில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

தப்பட்டை நின்றது. காலையிலிருந்து கூலிக்கு அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்போதுதான் நிஜமாக அழ ஆரம்பித்தார்கள். பூசாரி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மன்னரைக் கீழே போட்டவர்கள் என்று தெரிந்தால் கோயிலில் ஒருவன் தலையும் மிஞ்சாது.

இதெல்லாம் நடக்கும்போது மேஸ்திரி எங்கே போனார் என்று கேட்பீர்கள். அவர் சென்பியின் குழியைப் பார்க்கக் கழுதைமேல் பிரமிடைச் சுற்றி வந்தவர், இறங்கி நடந்த இடத்தில் வடக்குப் பக்கக் குழிக்குள் போய்விட்டார். அவர் உள்ளே கிடக்க, கழுதை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தது. ஒரு அடி எடுத்து வைத்தால் அவர் தலைமேல் விழும். உயிர்ப் பயத்தில் மெரேரு அலறியது கோயில் வாசல்வரை மண்ணுக்கடியிலிருந்து கேட்டது.

"அசையாதே! அங்கேயே இரு! ஒரு அடி நகர்ந்தே, தோலை உரிச்சுடுவேன்!"

தலைமைப் பூசாரி சாஷ்டாங்கமாக விழுந்தார். எல்லாரும் விழுந்தார்கள்.

"கேட்டீர்களா? மன்னர் பேசிவிட்டார்! தம் இடத்தைத் தாமே தேர்ந்தெடுத்துவிட்டார். யாரும் அவரை நகர்த்தக் கூடாது!"

பல்லக்கிலிருந்து இளவரசர் ஆள் அனுப்பி, ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார்.

"தந்தையார் வந்து சேர்ந்துவிட்டார் என்று சொல்" என்றார் பூசாரி.

"அப்படியானால் சாப்பிடலாமா என்று கேட்கிறார்."

"சாப்பிடலாம்."

பல்லக்கு திரும்பிப் போயிற்று. பூசாரி பெருமூச்சு விட்டு எழுந்து, குழியை எட்டிப் பார்த்து இன்னொரு தடவை கழுத்தைத் தடவிக்கொண்டார். மன்னரின் தலைமாட்டில் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"இது யார் குழி?"

சென்பி வாயைப் பொத்தியிருந்த கையை எடுக்கவில்லை.

"பேசு!"

"என்னுது சாமி" என்றான் சென்பி. "பாயும் என்னுதுதான்."

பூசாரிகளெல்லாம் தலையோடு தலை சேர்த்துக் கலந்தாலோசித்தார்கள். படித்தவர்கள் ஆலோசனை என்பதால் மெதுவாகப் பேசினார்கள்.

"அடுத்தவன் கல்லறையை எடுத்தால் சாபம்."

"ஆமாம். முதலையே பார்த்துவிட்டது."

"பதிலுக்கு அவனுக்கு இன்னொரு கல்லறை கொடுத்துவிட்டால் சாபம் இல்லை. பரிவர்த்தனைதான்."

"எது காலியாக இருக்கிறது? ராணிமார் வரிசை?"

"நிறைந்துவிட்டது."

"மந்திரிமார் வரிசை?"

"சண்டையே நடக்கிறது அங்கே."

"நாய்க் குழி?"

"நாய் போன வருஷமே போய்ச் சேர்ந்தது."

"இவ்வளவு பெரிய வளாகத்தில் காலியாக ஒன்றுமே இல்லையா?"

ஒரு வயதான பூசாரி மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். "ஒன்று இருக்கிறது" என்றார்.

எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

இப்படியாக அந்த மாபெரும் பிரமிடு, அதன் உள்வழி, கல் அறை, கருங்கல் பெட்டி உள்பட, சென்பிக்கும் அவன் மனைவி ஹெனுத்துக்கும் சாமி சாட்சியாக எழுதிக் கொடுக்கப்பட்டது. ஹெனுத் அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு பெரிய இடத்தை யாருய்யா பெருக்குறது?" என்று கேட்டாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவனுக்குக் கூடுதலாக ஒரு ரொட்டி வைத்தாள். "இனிமே எங்க அண்ணனுக்கு அந்த மூலை தேவைப்பட்டா எடுத்துக்கட்டும்" என்றாள். சென்பிக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை, அவள் குறட்டை விட்டும்கூட.

மறுநாள் காலையில் இப்புவுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, பெரிய கல்லறைக்காரன்தானே நிழல்ல படுத்திருக்கிறவனுக்குச் சோறு போடணும்?"

"ஆமா."

"பெரிய கல்லறை இப்போ உங்களுது. நிழல்ல படுத்திருக்கிறது மன்னர். அப்போ…"

சென்பிக்குப் பகீரென்றது. ராஜாவைப் பட்டினி போட்ட பழி தன்மேல் வந்துவிட்டதே! ஹெனுத்தை எழுப்பி ரொட்டி சுடச் சொல்லி, நான்கு பேருமாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவள் புலம்பிக்கொண்டே பின்னால் வந்தாள்.

முற்றத்துக்கு வந்து பார்த்தால், நிழல் மேற்கே போய்க் கிடந்தது. கிழக்கு முற்றம் முழுக்கப் பளீரென்று வெயில். மன்னர் தலையிலிருந்து கால்வரை வெயிலில் கிடந்தார். ஒரு விரல்கடை இல்லை, முழு ஆளும்.

"ஐயையோ!" என்றான் சென்பி. அந்த வேதனை எப்படி இருக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

கிழிந்த பாயை நான்கு பேரும் நான்கு மூலையில் பிடித்துத் தலைக்குமேல் தூக்கி, மன்னர்மேல் நிழல் விழும்படி நின்றார்கள். சூரியன் ஏற ஏற அவர்களும் பாயைச் சரித்துக்கொண்டே நின்றார்கள். கை கடுத்தது. ஒருவனும் இறக்கவில்லை.

ராத்திரியெல்லாம் குழி விளிம்பிலேயே நின்ற கழுதை அந்த நேரத்தில்தான் ஒரு வழியாக விலகி, மேஸ்திரி மெரேரு வடக்குக் குழியிலிருந்து ஏறி, உடம்பெல்லாம் மண்ணோடு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். அவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, தொண்டை கட்டிப் போன குரலில் கேட்டார்.

"அடேய், இங்கே என்னடா பண்றீங்க?"

சென்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஸ்ஸ்… சத்தம் போடாதய்யா. மேஸ்திரி வந்து பார்த்தா பாவம், மன்னருக்கு இடம் போயிடும். வந்து நீயும் ஒரு ஓரத்தைப் பிடி."